பழைய குளியலறைக்குப் புதிய நிறம்

(மூன்றாம் ஆண்டு, வேதியியல்)

முன்னுரை

கூக்காலில் எங்கள் வீட்டில் குளியல் தொட்டி கிடையாது. வீட்டின் பின்புறம் நான்கு தகரத் தடுப்பும், நடுவில் ஒரு பட்டியக் கல்லும், மூலையில் வெந்நீர் அடுப்பும் உண்டு. அவ்வளவுதான் எங்கள் குளியலறை. அத்தகைய வீட்டிலிருந்து வந்த ஒருவன் பாத் டப்பின் நிறத்தைப் பற்றியும் பீங்கான் ஓடுகளின் நிறத்தைப் பற்றியும் எழுதப் புகுந்தது ஏன் என்று பேராசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் கேட்கலாம்.

பூண்டும் உருளைக்கிழங்கும் கைவிட்ட ஆண்டுகளில் எங்கள் ஊர் ஆண்கள் கொத்து வேலைக்கும் பெயிண்ட் வேலைக்கும் கொடைக்கானல் செல்வது வழக்கம். என் சித்தப்பா பெயிண்டர். நவம்பர்ப் பருவத் தேர்வு முடிந்த விடுமுறையில் அவருக்குச் சித்தாளாக நான் உடன் சென்றேன். வேலை நடந்தது ஒரு பழைய பங்களாவில். அதன் குளியலறையில் இளஞ்சிவப்புத் தொட்டி ஒன்று இருந்தது. சுவரில் மார்பளவுக்குப் பச்சை ஓடுகள். வீட்டுக்கார அம்மா சென்னையிலிருந்து வந்திருந்தார். "இந்தக் கலரெல்லாம் அந்தக் காலத்து சினிமா செட் மாதிரி இருக்கு. எல்லாத்தையும் வெள்ளையாக்கிடுங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நிறைவேற்றப் போய் நாங்கள் கற்ற பாடங்களே இக்கட்டுரை.

நிறம் வந்த கதை

கொடைக்கானலில் 1845ஆம் ஆண்டு அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் முதல் வீடுகளைக் கட்டினார்கள். மோட்டார்ச் சாலை 1910களில் வரும் வரை பெரியகுளம் பக்கத்து மலைப்பாதையே வழி. மனிதர்கள் டோலியிலும் குதிரையிலும் ஏறினார்கள். சாமான்கள் கூலியாட்களின் தலையில் ஏறின. வார்ப்பிரும்புத் தொட்டி ஒன்று 150 கிலோ அளவில் இருக்கும். அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு மலையேறுவது எளிதன்று. அக்காலத்து இந்திய பங்களாக்களில் துரைமார்கள் குளித்ததெல்லாம் தகரத் தொட்டியில்தான். வெந்நீரை வேலைக்காரர்கள் வாளியில் சுமந்து ஊற்றுவார்கள். அழுக்குநீரை அள்ளிக் கொட்ட வருபவருக்கெனக் குளியலறைக்கு வெளிப்பக்கம் தனிக் கதவு இருக்கும். நாங்கள் வேலை செய்த பங்களாவிலும் அந்தக் கதவு செங்கல் வைத்து அடைக்கப்பட்ட அடையாளம் தெரிந்தது.

எனாமல் பூசிய தொட்டியின் கதை விந்தையானது. அமெரிக்காவில் 1883ஆம் ஆண்டு ஜான் மைக்கேல் கோலர் என்பவர், குதிரைகள் நீர் குடிக்கவும் பன்றிகளை வெந்நீரில் முக்கவும் பயன்பட்ட வார்ப்பிரும்புத் தொட்டிக்கு எனாமல் பூசி, நான்கு கால் வைத்தால் அதையே மனிதர் குளிக்கும் தொட்டியாகவும் கொள்ளலாம் என விளம்பரம் செய்தார். அப்போது தொட்டி என்றால் வெள்ளைதான். வெள்ளை என்றால் தூய்மை. அழுக்கு இருந்தால் கண்ணுக்குத் தெரியும். அதே நிறுவனம் 1927இல் வண்ணத் தொட்டிகளை வெளியிட்டது. அதன்பின் குளியலறை, தூய்மைக்குரிய இடம் என்பதோடு அலங்காரத்துக்குரிய இடமாகவும் ஆயிற்று. 1950களில் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரின் துணைவியார் விரும்பிய இளஞ்சிவப்பு வீட்டுக்கு வீடு பரவியது. 1970களில் வெண்ணெய்ப்பழப் பச்சையும் காப்பிக்கொட்டை நிறமும் வந்தன.

நம் நாட்டிலும் அக்காற்று வீசாமல் இல்லை. இராணிப்பேட்டையில் பாரி நிறுவனம் பீங்கான் சாதனங்களைச் செய்தது. 1958இல் தொடங்கப்பட்ட இந்திய ஜான்சன் நிறுவனம் சுவர் ஓடுகளைப் பரவலாக்கியது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வேரூன்றியது. வசதியுள்ளவர் வீடுகளில் பேசினும் தொட்டியும் ஓடும் ஒரே நிறத்தில் அமைவதே பெருமை என்று கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. பின்னர் மீண்டும் வெள்ளை வந்தது. இன்று சாம்பல் நிறமும் சேர்ந்திருக்கிறது. ஒரு தலைமுறை ஆசையாகத் தேடிய நிறத்தையே அடுத்த தலைமுறை உளியால் பெயர்க்கிறது.

நிறம் எங்கே இருக்கிறது?

வீட்டுக்கார அம்மா, "நிறம் வெளுத்துப் போச்சு" என்றார். வேதியியல் மாணவன் என்ற முறையில் நான் இங்கே ஒன்றை விளக்க விரும்புகிறேன். பீங்கான் ஓட்டின் நிறம் சுவரில் பூசிய சாயம் போன்றதன்று. ஓட்டின் மேலுள்ள மெருகு உண்மையில் ஒரு மெல்லிய கண்ணாடிப் படலமே. மணற்சத்தான சிலிக்காவுடன், அதை எளிதில் உருகச் செய்யும் போராக்ஸ் முதலிய பொருள்களையும் உலோக ஆக்சைடுகளையும் சேர்த்து, 1,000 டிகிரி செல்சியஸ் அளவிலான சூட்டில் சுடுகிறார்கள். கோபால்ட் நீலத்தையும், குரோமியமும் செம்பும் பச்சையையும், இரும்பு மஞ்சள் முதல் பழுப்பு வரையிலான நிறங்களையும் தருகின்றன. வெள்ளீய ஆக்சைடு முதலியவற்றுடன் மிகச் சிறிதளவு குரோமியம் சேர்ந்தால் இளஞ்சிவப்பு பிறக்கிறது. தொட்டியின் எனாமலும் இதே இனத்தைச் சேர்ந்தது. இரும்பின் மேல் ஏறத்தாழ 800 டிகிரியில் உருக்கி ஒட்டிய கண்ணாடி அது.

கண்ணாடிக்குள் சிறைப்பட்ட உலோக அயனிகள் வெயிலுக்கும் வெந்நீருக்கும் அசைவதில்லை. ஆகவே நிறம் வெளுப்பதில்லை. வெளுத்தது போலத் தோன்றுவதற்குக் காரணங்கள் வேறு. ஒன்று, சோப்பும் உப்பும் சேர்ந்து படியும் படலம். இரண்டு, பழைய இரும்புக் குழாயிலிருந்து இறங்கும் காவிக் கறை. மூன்று, நாமே செய்த கேடு. கறை போக வேண்டும் என்று கடையில் விற்கும் ஆசிட்டை ஊற்றித் தேய்க்கிறோம். அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஓட்டிடையே உள்ள சிமெண்டைக் கரைக்கிறது. தொட்டியின் எனாமலையும் அரித்துச் சொரசொரப்பாக்குகிறது. சொரசொரப்பான பரப்பு ஒளியைச் சிதறடிக்கும். அழுக்கையும் விரைவில் பிடித்துக்கொள்ளும்.

ஆதலால் முதல் வேலை கழுவுவது. படலத்துக்குச் சோப்புத்தூளும் வெந்நீரும் போதும். காவிக் கறைக்கு ஆக்சாலிக் அமிலத்தின் நீர்த்த கரைசல் ஏற்றது. அது இரும்போடு சேர்ந்து நீரில் கரையும் சேர்மமாகி வெளியேறிவிடும். அதுவும் நஞ்சுதான், கையுறை வேண்டும், குழந்தைகள் கையில் எட்டக்கூடாது. நாங்கள் ஒரு சுவரை மட்டும் கழுவினோம். கிளிப்பச்சை எழுந்து நின்றது. "நாற்பது வருஷத்து ஓடா இது!" என்று சித்தப்பா வியந்தார்.

நான்கு வழிகள்

பழைய நிறத்தை மாற்றுவதற்கு நான் அறிந்த வரையில் நான்கு வழிகள் உண்டு.

முதல் வழி, ஓட்டைத் தொடாமல் அதன் அண்டை அயலை மாற்றுவது. பிரான்சு நாட்டில் கோபலின் சாயப் பட்டறையின் தலைவராக இருந்த வேதியியலறிஞர் செவ்ரூல், 1839இல் வெளியிட்ட நூலில் ஓர் உண்மையை நிலைநாட்டினார். நூலின் சாயம் மங்கியிருக்கிறது என்று புகார் வந்தபோது அவர் ஆராய்ந்து பார்த்தார். குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்த நூலின் நிறத்தில் இருந்தது. எந்த நிறமும் தன் அயல் நிறத்தால் மாறித் தோன்றும். குளியலறைக்கும் இது பொருந்தும். பச்சை ஓட்டுக்கு மேலே நீலம் கலந்த பளீர் வெள்ளை அடித்தால் ஓடு பழசாகத் தெரியும். பாலாடை நிற வெள்ளை அடித்தால் அதே ஓடு இதமாகத் தெரியும். விளக்கும் அப்படியே. 6,500 கெல்வின் என்று குறித்த நீலவெண்ணிற எல்.இ.டி. பல்பின் கீழ் இளஞ்சிவப்பு சாம்பல் பூத்தது போலாகும். 2,700 முதல் 3,000 கெல்வின் வரையுள்ள மஞ்சள் சாயல் பல்பின் கீழ் அது உயிர்பெறும். ஒரு பல்பின் விலையில் முடியும் காரியத்துக்குச் சுவரை இடிப்பவர்கள் உண்டு.

இரண்டாவது வழி, ஓட்டின் மேலும் தொட்டியின் மேலும் எபாக்ஸி பூசுவது. கண்ணாடி மேல் சாதாரண பெயிண்ட் ஒட்டாது. எண்ணெய்ப் பிசுக்கை முற்றிலும் நீக்கி, வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேய்த்து, உரிய பிரைமர் கொடுத்து, பிறகே இரண்டு டப்பாக் கலவையைப் பூச வேண்டும். இங்கே நனைத்து என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். பழைய எனாமலிலும் மெருகிலும் ஈயம் இருக்கக்கூடும். அது கண்ணாடிக்குள் கட்டுண்டு கிடக்கும் வரை அச்சமில்லை; உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூளாக்கினால் மூச்சோடு உள்ளே போகும்.

மூன்றாவது வழி, பழைய ஓட்டின் மேலேயே புது ஓடு ஒட்டுவது. இதற்கென்று தனிப் பசை கிடைக்கிறது. பழைய ஓட்டைத் தட்டிப் பார்த்து, உள்ளே பொள்ளல் ஓசை கேட்கும் இடங்களைப் பெயர்த்துச் சரிசெய்த பிறகே ஒட்ட வேண்டும். இல்லையேல் பழையது விழும்போது புதியதையும் இழுத்துக்கொண்டு விழும்.

நான்காவது வழி, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது. உள்ளே குழாய் துருப்பிடித்து ஒழுகினால் இதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் மலையில் இடிபாட்டுக்கும் விலையுண்டு. அதை ஏற்றி இறக்கக் கூலி கொடுக்க மனமில்லாதவர்கள் இரவோடு இரவாகச் சோலை ஓரத்தில் கொட்டிவிடுகிறார்கள். நம் சோலைகளில் பிறக்கும் ஓடைகளே கீழே பழனி வட்டார வயல்களுக்கும் வீடுகளுக்கும் செல்கின்றன என்பதை இவர்கள் எண்ணுவதில்லை.

மலைக்குளிர் செய்யும் வேலை

சமவெளியில் நன்றாக நிற்கும் எபாக்ஸிப் பூச்சு மலையில் உரிந்து விழுவதைச் சித்தப்பா பலமுறை கண்டிருக்கிறார். "மருந்து கலப்படம்" என்பது அவர் முடிவு. உண்மை வேறு. எபாக்ஸி காய்ந்து இறுகுவதில்லை, வினைபுரிந்து இறுகுகிறது. பிசினும் இறுக்கியும் ஒன்றோடொன்று பிணைய வெப்பம் தேவை. சாதாரண வகைகள் 10 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ உறங்கிவிடும். கொடைக்கானலில் டிசம்பர், ஜனவரி இரவுகள் அதற்கும் கீழே இறங்குகின்றன. மேலும் இறுக்கியிலுள்ள அமீன், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து, மேலே வெண்மையான பிசுக்குப் படலமாகப் பூக்கும். அதன் மேல் அடுத்த பூச்சுப் பூசினால் ஒட்டாது. ஆகவே மலையில் இவ்வேலைக்கு ஏற்ற காலம் மார்ச் முதல் மே வரை. அதுவும் பனி விலகிய பின் காலை 10 மணிக்குத் தொடங்கிப் பிற்பகலில் மூடுபனி இறங்குமுன் முடிக்க வேண்டும்.

நாங்கள் போனது டிசம்பர். இளஞ்சிவப்புத் தொட்டியின் மேல் யாரோ முன்பே வெள்ளை எபாக்ஸி பூசியிருந்தார்கள். அது ஆங்காங்கே தோல் போல உரிந்து, அடியிலுள்ள இளஞ்சிவப்பு தெரிந்தது. அந்தப் பழைய பூச்சை எடுத்தால்தான் புதியது நிற்கும். வேலையை ஏற்பாடு செய்தவர் ஒரு ரிமூவர் டப்பாவைக் கொடுத்து அனுப்பினார். ஆபத்து தொடங்கியது அங்கேதான்.

அந்த ஒரு மணி நேரம்

வெளியே மூடுபனி. குளிர் தாங்காமல் சன்னலைச் சாத்தியிருந்தோம். சித்தப்பா முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் மண்டியிட்டு அமர்ந்தார். டப்பாவைத் திறந்தபோது, "என்னடா இது, இனிப்பா மணக்குது" என்றார். நான் கூடத்தில் பட்டி கலக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே கரண்டி சுரண்டும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாயிற்று. பிறகு நின்றது. ஓய்வெடுக்கிறார் என்று எண்ணினேன். சிறிது நேரம் கழித்து, "சித்தப்பா, பட்டி ரெடி" என்று குரல் கொடுத்தேன். பதிலில்லை.

உள்ளே போனபோது அவர் தொட்டியின் விளிம்பில் தலை சாய்ந்து கிடந்தார். அக்குளைப் பற்றி இழுத்து வெளித் திண்ணைக்குக் கொண்டுவந்தேன். என் தலையும் சுற்றியது. திண்ணைக் குளிர் காற்றில் சில நிமிடங்களில் அவருக்கு நினைவு திரும்பியது. வீட்டுக்கார அம்மாவின் காரிலேயே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். ஆக்சிஜன் வைத்து ஓரிரவு பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

மாலையில் அந்த டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பின்புறத்தில் கடுகளவு ஆங்கில எழுத்தில் மெதிலீன் குளோரைடு என்று அச்சிட்டிருந்தது. நமது ஆய்வகத்தில் டைகுளோரோமீத்தேன் என்ற பெயரில் நாம் அறிந்த கரைப்பானே அது. ஏறத்தாழ 40 டிகிரியில் கொதிப்பது, எளிதில் ஆவியாவது. அதன் மூலக்கூறு எடை 85. காற்றின் சராசரியோ 29. அதாவது அதன் ஆவி காற்றைப்போல் ஏறத்தாழ 3 மடங்கு கனமானது. கனமான ஆவி தாழ்ந்த இடத்தில் தேங்கும். தொட்டியைவிட அதற்கு ஏற்ற பாத்திரம் வேறில்லை. தண்ணீர் நிரம்புவது போல் அந்த ஆவி தொட்டியில் நிரம்ப, அதற்குள் தலையைக் குனிந்து வேலை செய்திருக்கிறார் என் சித்தப்பா. அது மூளையை மயக்குவதோடு நிற்பதில்லை. உடலுக்குள் சென்று கார்பன் மோனாக்சைடாக மாறி, இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனையும் குறைக்கிறது. துணியும் சாதாரண முகமூடியும் இதைத் தடுக்கா.

பிறகு படித்தறிந்தேன்: அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை, தொட்டிகளின் பழைய பூச்சை இதே பொருளால் நீக்கும்போது 13 தொழிலாளர்கள் இறந்ததாக அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 2012இல் அறிவித்தது. 2019இல் பொதுமக்களுக்கான பெயிண்ட் ரிமூவரில் அது தடை செய்யப்பட்டது. 2024இல் பெரும்பாலான பிற பயன்களும் தடைக்குள் வந்தன. உலகின் ஒரு கோடியில் 13 பேர் உயிர் கொடுத்துக் கற்றுத் தந்த பாடம், கொடைக்கானலின் ஒரு குளியலறைக்கு வந்து சேரவில்லை.

இதை எழுதும்போது என் குற்றத்தையும் மறைக்க விரும்பவில்லை. சித்தப்பா ஐந்தாம் வகுப்பு. அந்த டப்பாவிலுள்ள எழுத்தை அவரால் படிக்க இயலாது. அன்று அந்த வீட்டில் அதைப் படித்துப் பொருள் உணரக்கூடியவன் நான் ஒருவன்தான். காலையில் கடையிலிருந்து அதைச் சுமந்து வந்தவனும் நானே. தேர்வுத்தாளில் அதன் வாய்பாட்டைப் பிழையின்றி எழுதியவன், கையிலிருந்த டப்பாவைத் திருப்பிப் பார்க்கவில்லை. நம் மலையில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசத்தைப் பற்றி வகுப்பில் விவாதித்திருக்கிறோம். நஞ்சு என்றால் தொழிற்சாலைச் சுவருக்குள் இருப்பது என்றே நான் எண்ணியிருந்தேன் போலும்.

கொள்ள வேண்டிய முறைகள்

பழைய குளியலறையைப் புதுப்பிக்க விரும்புவோர் கீழ்க்கண்டவற்றை நினைவிற் கொள்ளலாம்.

1. முதலில் கழுவுங்கள். பாதிக் குறை அழுக்கில்தான் இருக்கும்.

2. தொட்டியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பின் மேல் எனாமல். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது நாரிழைப் பிளாஸ்டிக். இரண்டுக்கும் வேலை முறை வேறு.

3. விளக்கையும் சுவர் வண்ணத்தையும் மாற்றிப் பார்த்த பின்பே ஓட்டை மாற்றுவது பற்றி முடிவு செய்யுங்கள்.

4. பழைய பூச்சை நீக்க வேண்டுமாயின் மெதிலீன் குளோரைடு கலந்த ரிமூவரை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள். உரியும் பூச்சைப் பிளாஸ்டிக் சுரண்டியாலும், நனைத்த வாட்டர் பேப்பராலும் பொறுமையாக எடுக்கலாம்.

5. எந்த மருந்தானாலும் சன்னலும் கதவும் திறந்திருக்கட்டும். ஒருவரைத் தனியே விடாதீர்கள்.

6. சுவர் ஓட்டைத் தரையில் பதிக்காதீர்கள், ஈரத்தில் வழுக்கும்.

முடிவுரை

ஒரு வாரம் கழித்துச் சித்தப்பா மீண்டும் வேலைக்கு வந்தார். ரிமூவரைத் தொடவில்லை. வெந்நீர் ஊற்றி ஊற்றி நான்கு நாட்கள் சுரண்டினோம். அடியில் இளஞ்சிவப்பு எனாமல் ஒரு கீறலுமின்றி இருந்தது. வெள்ளைதான் வேண்டும் என்ற வீட்டுக்கார அம்மா அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும்" என்றார். முழு மனத்தோடு சொன்னாரா, அன்று நடந்ததை எண்ணிச் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. மேற்சுவருக்குப் பாலாடை நிறம் அடித்தோம், பல்பை மாற்றினோம். வேலை முடிந்தது.

அடைக்கப்பட்ட பழைய கதவின் பக்கம் பெயர்ந்து கிடந்த எட்டுப் பச்சை ஓடுகளை அந்த அம்மாவிடம் கேட்டு வாங்கிக் கூக்காலுக்குக் கொண்டுவந்தோம். வெந்நீர் அடுப்புக்கு மேலே, புகைபடியும் சுவரில் சித்தப்பா அவற்றைப் பதித்தார். கரி படிந்தால் அம்மா ஈரத்துணியால் ஒரு முறை துடைக்கிறார். பச்சை மீண்டும் வந்துவிடுகிறது.

இப்போது சித்தப்பா எந்தப் புது டப்பா வாங்கினாலும் அதன் பின்புறத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார். "இதுல என்ன போட்டிருக்கு, படிச்சுச் சொல்லு" என்கிறார். வகுப்பு நடந்துகொண்டிருந்தாலும் இடைவேளையில் நான் படித்துச் சொல்கிறேன். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி டப்பாவைக் கையில் பிடித்து நிற்கும் ஒருவர் இருக்கக்கூடும். அவர் கேட்குமுன் நீங்களே திருப்பிப் படித்துவிடுங்கள்.